கரண்ட் வைக்கும் நாட்களில் ஆக்ஸிஜன் சேம்பர்: அப்பாவைச் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. நெற்றிப் பக்கம் இருந்த மூளைக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா, அதாவது மிகக் கடுமையான வகை மூளைப் புற்றுநோய், நான்காம் கிரேடு என்று வந்திருக்கிறது. இன்னும் பத்து நாளில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கத் தொடங்குகிறார்கள், கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. இந்த நேரத்தில் ஊரிலுள்ள ஓர் ஆக்ஸிஜன் தெரபி சென்டரில் (அழுத்தம் கூட்டிய சேம்பருக்குள் ஆக்ஸிஜன் சுவாசிக்க வைக்கும் இடம்), "கரண்ட் வைக்கிற ஆறு வாரமும் தினம் ஒரு சிட்டிங் சேம்பரில் இருந்தால் கரண்ட் மூன்று மடங்கு வேலை செய்யும்" என்று சொல்லி, 40 சிட்டிங் பேக்கேஜ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வீட்டிலேயே ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்தால் போதாதா, ஆக்ஸிஜன் கொடுத்தால் புற்றுநோய்க்கே தீனி போட்டதாகிவிடாதா என்ற இரண்டு சந்தேகங்களும் கூடவே இருக்கின்றன.

நேரடியான பதில்: அந்தப் பேக்கேஜில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்த "மூன்று மடங்கு" வாயில் வந்தபடி சொன்ன எண் இல்லை. அதன் பின்னால் எழுபது ஆண்டுப் பழமையுள்ள, அசைக்க முடியாத ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கும் உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கப்போகும் பலனுக்கும் நடுவில் எத்தனை படிகள் விடுபட்டிருக்கின்றன என்று தெரிந்தால், முடிவை நீங்களே எடுத்துவிடுவீர்கள். அப்பாவின் ஸ்கேனையோ ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே வருவது இந்த நோய்க்கும் இந்த முறைக்கும் பொதுவானது.

முதலில் உறுதியான பகுதி. கதிர்வீச்சு செல்லுக்குள் போனதும் பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறுகளை உடைத்து, நிலையில்லாத துகள்களை உண்டாக்குகிறது. அவை டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. அந்தக் காயம் உடனே ஆறிப்போகவும் வாய்ப்பு உண்டு, செல்லுக்குள் இருக்கும் சில ரசாயனங்கள் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் அந்தக் கணத்தில் பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால், அது காயத்தோடு சேர்ந்து அதை ஆறாத காயமாக்கிவிடுகிறது. 1953-இல் எல். ஹெச். கிரே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரும் அவரோடு இருந்தவர்களும் கட்டிகளில் இதன் முக்கியத்துவத்தைத் தெளிவாக எழுதினார்கள். ஆக்ஸிஜனே இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்ஸிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு டோஸ் வேண்டும். சென்டரில் சொன்ன "மூன்று மடங்கு" இங்கிருந்து வந்ததுதான்.

இப்போது அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், விஷயமே இதில்தான் இருக்கிறது. திசுவில் ஆக்ஸிஜன் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது கதிரின் வலு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் ஆனால் வலு ஏறக்குறைய 1.5. 3 மி.மீ. ஆனால் 2. 10 மி.மீ.க்கு 2.5. 30 மி.மீ.க்கு 2.8. அதற்கு மேல் 100, 500, 1000 என்று எவ்வளவு ஏற்றினாலும் 3-ஐ நெருங்குமே தவிரத் தாண்டாது. அதாவது ஏற்றம் முழுவதும் முதல் பத்து, இருபது மி.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. காய்ந்த மண்ணில் ஊற்றும் முதல் குடம் தண்ணீர்தான் பயிரைக் காப்பாற்றும், வரப்பு நிரம்பிய பிறகு ஊற்றுவது வழிந்து ஓடும். நன்றாக ரத்தம் ஓடும் மூளைத் திசுவில் 30 மி.மீ. சுமாராக எப்போதும் இருக்கிறது. ஆகவே கரண்ட் மூன்று மடங்கு வேலை செய்யும் என்ற பேச்சு, கட்டிக்குள் ஆக்ஸிஜன் அறவே வற்றிப்போன மூலைகளில் இருக்கும் செல்களுக்கு மட்டும் பொருந்தும். மற்ற செல்களுக்குக் கரண்ட் ஏற்கெனவே அந்த வலுவோடுதான் விழுகிறது.

இன்னொரு உறுதியான விஷயம் நேரம். கதிர் உண்டாக்கும் அந்தத் துகள்களின் ஆயுள் மைக்ரோ நொடிக் கணக்கு. கதிர் பட்டு சில மில்லி நொடிகள் கழிந்த பிறகு ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து கொட்டினாலும் பயனில்லை என்பது சோதனைக்கூடத்தில் நிரூபணமானது. மெஷினிலிருந்து கதிர் வரும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கட்டிக்குள் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். காலையில் கரண்ட், சாயங்காலம் சேம்பர் என்பது, சோறு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு குழம்பு ஊற்றுவது போல. உங்கள் சென்டர்க்காரர்கள் கரண்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கே தெரியாது என்று அர்த்தம்.

சேம்பரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே நம் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. அதில் மேலும் ஏற்ற இடமில்லை. மீதி வழி, ரத்தத்தின் நீர்ப் பகுதியில் ஆக்ஸிஜனைக் கரைப்பது. சாதாரணக் காற்றில் 100 மி.லி. ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மி.லி. மட்டுமே. மாஸ்க் வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் 2 மி.லி. சேம்பரில் அழுத்தத்தை 2.5 அட்மாஸ்பியருக்கு ஏற்றி, அதாவது கடலில் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பது போன்ற நிலையில், முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் 5 மி.லி.யை எட்டும். மூளை 100 மி.லி. ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே 6 மி.லி. அளவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய அளவு. ரத்தக்குழாயிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கும் செல் வரை ஆக்ஸிஜன் ஊறிப் போகும். ஆனால் ஆக்ஸிஜன் கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த ஓட்டம் குறையும். ஆக வரவில் ஒரு பங்கு அப்படிக் கழிந்துபோகும். இதைத் தவிர்க்கத்தான் 95 சதவீதம் ஆக்ஸிஜனோடு 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த கார்போஜன் என்ற வாயுவை முயன்று பார்த்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளியோபிளாஸ்டோமாவில் ஆக்ஸிஜன் வற்றிய பகுதி நிச்சயம் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் இந்தக் கட்டியை அடையாளம் காட்டுவதே, நடுவில் செத்துப்போன திசுவும் அதைச் சுற்றி வேலி கட்டினாற்போல் நெருக்கியடித்து நிற்கும் செல்களும்தான். ரத்தக்குழாயிலிருந்து 150 மைக்ரான் தாண்டினால் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும் என்பதை 1955-இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளில் காட்டியிருந்தார்கள். ஒரு மயிரிழையின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான், இரண்டு மயிரிழைத் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் அந்த நடுப்பகுதியை சர்ஜன் எடுத்துப் போட்டுவிட்டார். மிஞ்சி நிற்பவை ஓரத்தில் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் போன செல்கள். நோய் திரும்ப வருவதும் பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். அந்தச் செல்களில் பெரும்பகுதி நல்ல மூளையின் ரத்தக்குழாய்களையே நம்பி வாழ்கின்றன, அவற்றுக்கு ஆக்ஸிஜன் பஞ்சம் அவ்வளவாக இல்லை. அவை கதிருக்கு மசியாததற்கு வேறு காரணங்கள் உண்டு: டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளும் திறன், ஸ்டெம் செல் குணம் கொண்ட ஒரு பிரிவு. ஆக்ஸிஜனை எவ்வளவு கொட்டினாலும் இவை மாறாது. கட்டியை முழுதாக எடுக்க முடியாமல் பெரிய மிச்சம் நிற்கும் நோயாளிக்கு இந்த வாதம் வலுவிழக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரண்டை ஒரே நாளில் வைக்காமல் ஏன் 30 நாள் பிரிக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். பல காரணங்களில் ஒன்று இதுவே. இன்று ஆக்ஸிஜன் உள்ள செல்கள் சாகின்றன. அவை குடித்துக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மிச்சமாகி, பின்வரிசையில் பஞ்சத்தில் இருந்த செல்களுக்குப் போகிறது. நாளைய கரண்டுக்கு அவை முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. 2 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு) வீதம் 30 முறை, மொத்தம் 60 கிரே என்ற வழக்கமான திட்டத்திலேயே ஆக்ஸிஜன் சிக்கலுக்குப் பாதி விடை கலந்திருக்கிறது.

இனி மனிதர்களிடம் செய்து பார்த்தபோது என்ன ஆயிற்று என்பது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில் டேவிட்சன் 1950-களின் நடுவிலேயே நோயாளியைச் சேம்பருக்குள் படுக்க வைத்து, 3 அட்மாஸ்பியரில், சேம்பரின் சுவர் வழியாகவே கதிரைச் செலுத்தினார். பிறகு பிரிட்டனில் பெரிய ஆய்வுகள் நடந்தன. வாய், தொண்டைப் புற்றுநோயில் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் கரண்டை இன்று போல 30 ஆகப் பிரிக்காமல், சில பெரிய டோஸ்களாகக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் மேலே சொன்ன முன்வரிசை, பின்வரிசை மாற்றத்துக்கு நேரம் கிடைக்காது, சேம்பரின் பலன் பெரிதாகத் தெரியும். இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் இதையே சுட்டிக்காட்டுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் நோய் கட்டுப்படுவது கூடுகிறது, விலையாக நல்ல திசுக்களில் கதிர் காயமும் சேம்பருக்குள் வலிப்பும் கூடுகின்றன, மற்ற புற்றுநோய்களுக்குச் சான்று போதாது. மூளைக் கட்டி அந்த "மற்ற" கூட்டத்தில்தான் இருக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் சாங் வெளியிட்ட கிளியோபிளாஸ்டோமா ஆய்வில் சேம்பர் குழு சில வாரங்கள் கூடுதலாக வாழ்ந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். கார்போஜனோடு நிகோட்டினமைடு என்ற வைட்டமின் மாத்திரை சேர்த்து ஐரோப்பாவில் கிளியோபிளாஸ்டோமாவுக்குச் செய்த ஆய்வின் முடிவு 1999-இல் வந்தது: ஆயுள் கூடவில்லை, குமட்டலும் வாந்தியும்தான் கூடின.

இந்த முறையை மூளைக் கட்டியில் கைவிடாமல் பிடித்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது: சேம்பருக்குள் கதிரைக் கொடுக்கும் சர்க்கஸை விட்டுவிட்டு, சேம்பரை விட்டு வெளியே வந்த 15 நிமிடத்துக்குள் மெஷினில் படுக்க வைத்தார்கள். நல்ல திசுவில் ஆக்ஸிஜன் சீக்கிரம் இறங்கிவிடும், கட்டியின் சீர்கெட்ட ரத்த ஓட்டத்தில் கொஞ்ச நேரம் தங்கும் என்பது கணக்கு. கட்டியிலேயே அளக்கும் கம்பியை வைத்து அளந்தபோது, சேம்பரை விட்டு வந்து 15 நிமிடம் வரை ஏற்றம் நிற்பது தெரிந்தது. கிடாக்யூஷுவில் கோஷி குழு 1999-இல் 29 பேரின் முடிவை வெளியிட்டது. சேம்பரோடு சேர்த்த 15 பேரில் 11 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது, சேர்க்காத 14 பேரில் 4 பேருக்கு. நடு ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், சேர்த்தவர்களுக்கு 24 மாதம், சேர்க்காதவர்களுக்கு 12 மாதம். ஒகினாவாவில் ஒகாவா குழு 41 பேருக்கு இதையே கீமோவோடு சேர்த்துச் செய்து 2006-இல் எழுதியது. பிறகு கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைக் கொடுக்கும் நவீன ஐ.எம்.ஆர்.டி. முறையோடும் டெமோசோலமைடோடும் சேர்த்து 24 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் முடிவு 2017-இல் வந்தது, நடு ஆயுள் 22 மாதம்.

2005-இல் ஸ்டுப் என்ற டாக்டரின் குழு வெளியிட்ட ஆய்வில், கரண்டோடு டெமோசோலமைடு சேர்த்தவர்களின் நடு ஆயுள் 14.6 மாதம், கரண்ட் மட்டும் வைத்தவர்களுக்கு 12.1. அதோடு இந்த 22-ஐ ஒப்பிட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஒப்பிடக் கூடாது. ஸ்டுப் ஆய்வில் 573 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பானில் அப்படி இல்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிய அறையில் உட்கார்ந்து, காதில் அழுத்தத்தைச் சமாளித்து, அதே கையோடு கரண்டுக்கும் போய், ஆறு வாரம் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? நடமாட்டம் நன்றாக உள்ள, வலிப்பு அடங்கிய, வயது குறைந்த நோயாளியால்தான். அவர்கள் சேம்பர் இல்லாமலே கூடுதல் நாள் வாழக்கூடியவர்கள். இன்னொரு சிக்கல், பழைய ஆய்வுகளில் மூன்றாம் கிரேடும் நான்காம் கிரேடும் கலந்திருந்தன, ஐ.டி.ஹெச். மரபணு மாற்றம் பார்க்கும் வழக்கமே அப்போது கிடையாது. அந்த மாற்றம் உள்ள கட்டிக்காரர்கள் பல ஆண்டு வாழ்வார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைக் கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரிலிருந்தே பிரித்துவிட்டது. சிறிய குழுவில் அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தாலே நடு ஆயுள் ஏறிவிடும். ஆக என் கணிப்பு: ஜப்பானிய முறை ஆராயத் தகுந்தது, பலன் இருக்கவும் கூடும். எல்லோருக்கும் காசு வாங்கிக்கொண்டு செய்யும் அளவுக்கு நிரூபணமாகவில்லை.

இப்போது உங்கள் ஊர் நிலவரத்துக்கு வருவோம். சேம்பர் ஒரு கட்டடத்தில், கரண்ட் மெஷின் வேறு மருத்துவமனையில். அழுத்தத்தை இறக்கவே பத்து நிமிடம் ஆகும். பிறகு உடை மாற்றி, வீல்சேரில் இறக்கி, காரில் ஏற்றி, டிராஃபிக்கில் போய், டோக்கன் வரும்வரை காத்திருந்து, டேபிளில் படுத்து, முகத்துக்கு வலை மாஸ்க் பொருத்தி, இடம் சரிதானா என்று ஸ்கேன் எடுத்து, அதற்குப் பிறகுதான் கதிர். எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு மணி நேரம். கட்டியில் ஏற்றிய ஆக்ஸிஜன் அதற்குள் எப்போதோ தீர்ந்திருக்கும். இந்த முறையைச் செய்வதென்றால் ஒரே வளாகத்தில் சேம்பரும் மெஷினும் இருந்து, சேம்பர் முடியும் நேரத்துக்கு மெஷினைக் காலியாக வைத்து, நடுவில் 15 நிமிடம்தான் என்று கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். அப்படி ஓர் இடத்தில், எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு, சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணோடு ஆய்வாக நடந்தால், ரேடியேஷன் டாக்டரும் சம்மதித்தால், அதில் சேர்வதை நான் தடுக்க மாட்டேன். நோட்டீஸில் போட்ட பேக்கேஜ் அந்த வகை இல்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, பணம்தானே என்று தோன்றலாம். மூளையில் ஆபரேஷன் ஆனவருக்குக் கெடுதலும் உண்டு. மண்டையோட்டைத் திறந்து மூடிய பிறகு சில வாரம் உள்ளே காற்றுப் பொட்டலம் தங்கியிருக்கும். சேம்பரில் அழுத்தம் ஏறும்போது அது சுருங்கும், இறங்கும்போது விரியும், வெளியே போக வழியில்லாத இடத்தில் விரிந்தால் மூளையை நெருக்கும். சமீபத்திய சி.டி. பார்த்து, காற்று முழுக்கப் போய்விட்டது என்று தெரியாமல் ஏற்றவே கூடாது. அடுத்தது வலிப்பு. அதிக அழுத்த ஆக்ஸிஜனே மூளையைத் தூண்டி வலிப்பு வரவைக்கும். சாதாரண நோயாளிக்கு அது அபூர்வம், கட்டியும் தழும்பும் உள்ள மூளைக்கு வாய்ப்பு கூடுதல், காய்ச்சல் இருந்தால் இன்னும் கூடுதல். வலிப்பு வந்தால் உடனே அழுத்தத்தை இறக்கி வெளியே எடுப்பதுதான் யாருக்கும் தோன்றும். அது தவறு. மூச்சு அடைத்த நிலையில் அழுத்தத்தை இறக்கினால் நுரையீரல் கிழியும். ஆக்ஸிஜனை நிறுத்தி, அழுத்தத்தை அப்படியே வைத்து, வலிப்பு அடங்கிய பிறகுதான் இறக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா, பொத்தானை அழுத்தும் டெக்னீஷியன் மட்டும்தானா என்று கேட்டுப் பாருங்கள். முறையான இடங்களில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று கொடுப்பார்கள், வலிப்பைத் தவிர்க்கத்தான்.

அப்பா மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறார் என்றால் சர்க்கரை ஏறியிருக்கும், இன்சுலினும் ஓடிக்கொண்டிருக்கலாம். சேம்பருக்குள் சர்க்கரை இறங்குவது வழக்கம், ஏற்றுவதற்கு முன் குத்திப் பார்க்க வேண்டும். சளி பிடித்திருந்தால் காதுச் சவ்வில் ரத்தம் கட்டும். நுரையீரலில் காற்றுக் கசிவு இருந்தால் சேம்பர் அறவே கூடாது. தலைக்குள் ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்திருந்தால் அதைச் செய்த கம்பெனி எந்த அழுத்தம் வரை தாங்கும் என்று சொல்லியிருக்கிறது எனப் பார்க்க வேண்டும். இருபது சிட்டிங்குக்கு மேல் போனால் சிலருக்குத் தற்காலிகமாகக் கிட்டப்பார்வை வரும். எல்லாவற்றையும் விடப் பெரியது தீ. ஒற்றை ஆள் படுக்கும் கண்ணாடிக் குழாய்ச் சேம்பர் முழுக்க ஆக்ஸிஜனால் நிரப்பப்பட்டது, அதில் ஒரு பொறி போதும். 1997-இல் இத்தாலியின் மிலான் நகரில் பலர் சேர்ந்து உட்காரும் ஒரு மருத்துவமனைச் சேம்பரில் பற்றிய தீயில் 11 பேர் இறந்தார்கள். ஆகவே பருத்தி உடை மட்டும், நைலான் கூடாது, செல்போன், வாட்ச், காது மெஷின், பவர் பேங்க் எதுவும் கூடாது. நம் வீடுகளில் மறந்துபோவது ஒன்று உண்டு: தலைக்குத் தேங்காய் எண்ணெய், கரண்ட் பட்ட இடத்துக்கு வாசலின், நெற்றியில் விபூதிக்கு மேல் தைலம். எண்ணெய்ப் பசை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லாத சென்டரில் வேறு எதற்காகவும் கூட ஏற வேண்டாம்.

வீட்டுக் கான்சன்ட்ரேட்டர் பற்றி: நாசிக் குழாய் வழியாக 5 லிட்டர் வைத்தால் உள்ளே போவது 40 சதவீத அளவு ஆக்ஸிஜன். ரத்தத்தில் கரைவது கொஞ்சம் கூடும், கட்டியின் வற்றிய மூலைக்குப் போய்ச் சேராது, கரண்ட் விழும் நேரத்திலும் அது மூக்கில் இருக்காது. ஆக்ஸிஜன் அளவு குறையாதவருக்கு அது மின்சார பில்லை ஏற்றும், அவ்வளவுதான். ஜிப் வைத்த மென்மையான பை போன்ற சேம்பர்கள் பெரும்பாலும் 1.3 அட்மாஸ்பியருக்கு மேல் போவதில்லை, அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஓசோன் ஏற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் நேராகக் கிளம்பி வந்துவிடுங்கள். ஓசோன் நச்சு வாயு, அதற்கு அறிந்த மருத்துவப் பயன் எதுவுமில்லை என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிலை.

ஆக்ஸிஜன் புற்றுநோய்க்குத் தீனி ஆகுமா என்ற பயத்துக்கு இதுவரை ஆதாரம் இல்லை. விலங்குகளிலும் மனிதர்களிலும் பார்த்தவற்றைத் தொகுத்தவர்கள், சேம்பர் ஆக்ஸிஜன் கட்டியை வளர்ப்பதாகவோ பரப்புவதாகவோ காணவில்லை. சொல்லப்போனால் ஆக்ஸிஜன் பஞ்சத்தில் வாழும் செல்கள்தான் முரட்டுத்தனமாக மாறுகின்றன. இந்தக் காரணத்துக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

மூளைக் கட்டிக்காரர்களுக்குச் சேம்பர் உண்மையிலேயே பேச்சுக்கு வருவது வேறொரு கட்டத்தில். கரண்ட் முடிந்து ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள், கதிர் பட்ட நல்ல மூளைத் திசு சிலருக்குச் சாகத் தொடங்கும். ரேடியேஷன் நெக்ரோஸிஸ் என்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி திரும்பி வந்தது போலவே தெரியும். பிரித்துப் பார்க்க பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ., ஸ்பெக்ட்ரோஸ்கோபி, சில நேரம் அமினோ அமில பெட் ஸ்கேன், அதிலும் தெளியாவிட்டால் பயாப்ஸி. முதல் மருந்து ஸ்டீராய்டு. அடுத்தது பெவாசிசுமாப் ஊசி, இதற்குக் குலுக்கல் முறை ஆய்வு உண்டு, 2011-இல் 14 பேரை வைத்துச் செய்தது. சிறியதுதான், முடிவு தெளிவாக இருந்தது. சேம்பர் மூன்றாவது வாய்ப்பு: 2 முதல் 2.4 அட்மாஸ்பியர், 90 நிமிடம், 30 அல்லது 40 சிட்டிங். மூளை நெக்ரோஸிஸில் இதற்கு உள்ளவை சிறு நோயாளிக் குழுக்களின் பதிவுகள் மட்டுமே. ஆனால் கதிர் காயம் என்பது சேம்பருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்களின் பட்டியலில் இருப்பதால், கேட்பதில் தவறில்லை. இங்கே 15 நிமிடக் கணக்கு கிடையாது, புது ரத்தக்குழாய்கள் முளைப்பதுதான் நோக்கம். எனவே சேம்பர் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் சரி. அப்பாவுக்கு அந்த நிலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வராமலே போகலாம்.

கரண்ட் தொடங்குவதற்குள் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிட வேண்டும், சேம்பருக்காக அதைத் தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். பயாப்ஸி பிளாக்கில் (எடுத்த கட்டித் துண்டில்) எம்.ஜி.எம்.டி., ஐ.டி.ஹெச். என்ற மரபணுச் சோதனைகள் இரண்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள், மாத்திரை எவ்வளவு கேட்கும் என்பதை முன்னதே சொல்லும். அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காசு கொடுத்துச் சேம்பரில் ஏற்ற நினைக்கும் ஆக்ஸிஜனில் ஒரு பங்கு இப்படித்தான் தினமும் வெளியே போகிறது. ரத்தசோகை இருந்தால் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியை இதற்காகக் கேட்க வேண்டாம், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கரண்டோடு அதைக் கொடுத்த ஆய்வில் நோய் கட்டுப்படுவது மோசமானது. தினம் இரண்டு மணி நேரம் சேம்பரில் போகாமல் மிஞ்சினால், அந்த நேரத்தில் மதியம் தூங்கட்டும். நான்காம் வாரத்திலிருந்து அசதி அப்படி அடிக்கும்.

அந்தச் சென்டரில் அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால், "கரண்ட் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று அவரிடமே ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள், திருப்பித் தர வாய்ப்பு கூடும்.